நாற்காலிக்கு வந்த குரல்

கிரீச்.

சைபர் சார் சட்டென்று முன்னால் குனிந்துகொண்டார். நேராக உட்கார்ந்தால் சத்தம் இல்லை. பின்னால் சாய்ந்தால் மட்டும் கிரீச். நேற்று மாலை வரை வாயில்லாப் பூச்சியாக இருந்த நாற்காலிக்கு இன்று காலை எங்கிருந்தோ குரல் வந்திருந்தது.

வேறு யாராவது என்றால் நேராக உட்கார்ந்து வேலையைப் பார்த்திருப்பார்கள். சைபர் சார் கணிதக்காரர். சாய்ந்து உட்கார்ந்து கூரையைப் பார்ப்பதுதான் அவருடைய வேலையில் முக்கால்வாசி. மீதிக் கால்வாசி, கூரையில் பார்த்ததைப் பலகையில் எழுதிவிட்டு அழிப்பது.

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் எல்லா அறிவியலும் ஒரே கூரையின் கீழ் இருந்தது. அதிர்வை அளக்கிறவர், எண்ணெய் காய்ச்சுகிறவர், எறும்பு வளர்க்கிறவர் என்று ஒரே தாழ்வாரத்தில் அடுத்தடுத்து அறைகள். இப்படி வைத்துவிட்டால் ஆட்கள் தாமாகவே கூடிப் பேசி, சேர்ந்து வேலை செய்வார்கள் என்பது கட்டடம் கட்டியவர்களின் நம்பிக்கை. பாவம், அவர்கள் சைபர் சாரைப் பார்த்ததில்லை.

வேறொரு துறையோடு சேர்ந்து ஓர் ஆய்வாவது செய்தால்தான் ஒப்பந்தம் நீளும். அது அங்கே விதி. 'உங்கள் கூட்டு ஆய்வு எத்தனை?' என்று யார் கேட்டாலும் அவர் 'சைபர்' என்று உண்மையைச் சொல்லிவிடுவார். அதுவே பெயராகி ஒட்டிக்கொண்டது. மனிதர் கர்வி இல்லை, வெட்கப்படுகிறவர். அவர் மூன்று வருடமாக ஆராய்ந்தது வரிசைகளை. வரிசையில் முன்னால் இருப்பவர் ஒரு கணம் தயங்கினால் அந்தத் தயக்கம் பின்னால் எவ்வளவு தூரம் பரவும் என்பது கேள்வி. ஆனால் கேன்டீன் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் திரும்பிப் பேசிவிடுவாரோ என்று பயந்து, வீட்டிலிருந்தே சாப்பாடு கொண்டுவருவார்.

இன்று பிற்பகல் மதிப்பீட்டுக் குழு வருகிறது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அதை நினைக்காமல் இருக்கலாம் என்று சாய்ந்தார்.

கிரீச்.

தைரியத்தைத் திரட்டிக்கொண்டு பராமரிப்புப் பிரிவுக்குப் போன் போட்டார்.

"நாற்காலியா சார்? இன்னிக்கு ஃபிட்டர் வேற வேலையா போயிருக்காரு. சாயங்காலம் வருவாரு."

"சரிங்க, சரிங்க" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லிப் போனை வைத்தார். அதற்குள் கதவு படாரென்று திறந்தது. பக்கத்து அறை அதிர்வுக்காரர் நின்றிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க உள்ள? காலையிலேருந்து என் மெஷின் பூகம்பம், பூகம்பம்னு கத்துது!"

சைபர் சார் திருதிருவென்று விழித்தார். பதில் சொல்லும் பதற்றத்தில் சாய்ந்துவிட்டார். கிரீச்.

"இதுதானா அது!" அதிர்வுக்காரரின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. குனிந்து நாற்காலியின் முதுகில் காதை வைத்தார். "இன்னொரு தரம் சாயுங்க. ஆகா! மறுபடியும். இருங்க, இதை நானே சரி பண்ணிடறேன்."

ஓடிப்போய் ஒரு ரப்பர் கட்டையும், ஒரு சின்ன சென்சாரும், ஒயர்ச் சுருளும் கொண்டுவந்தார். சாயும் இடத்தில் ரப்பரைத் திணித்து, சென்சாரை ஒட்டி, "இப்ப சாயுங்க" என்றார்.

க்ர்ர்ரோம்.

தாழ்வாரத்தின் கோடியில் யாரோ எதையோ கீழே போட்டார்கள்.

"முன்ன விட மோசமா இருக்கே..." என்று சைபர் சார் முனகினார்.

"மோசமா? எவ்வளவு சுத்தமான அதிர்வு தெரியுமா சார்!" என்றார் அதிர்வுக்காரர் பரவசமாக. அதற்குள் வேதியியல் மேடம் கையுறையைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு? என் கையில இருந்த குடுவை போச்சு!"

"நாற்காலிக்குத் தொண்டை கட்டிருக்கு மேடம்" என்றார் அதிர்வுக்காரர்.

"இதுக்கா இவ்வளவு ரகளை? ஒரு சொட்டு எண்ணெய் விட்டாப் போச்சு. நம்மகிட்ட இல்லாத எண்ணெயா?"

அவர் விதைகளிலிருந்து காய்ச்சிய எண்ணெய் அது. எந்த இயந்திரத்தையும் வழுக்கிக்கொண்டு ஓடவைக்கும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சோதிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஒரு சொட்டு என்றவர் தாராள மனசுக்காரர். அரைக் குப்பி ஊற்றினார்.

"இப்ப சாயுங்க சார், கவலைய விடுங்க."

சாய்ந்தார். சத்தமே இல்லை. தனக்காக இரண்டு பேர் இவ்வளவு மெனக்கெடுகிறார்களே என்று சைபர் சாருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நெகிழ்ச்சியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். முதுகுப் பலகை தடையில்லாமல் பின்னால் போனது. அதோடு அவரும் போனார். கால்கள் மேசைக்கு மேலே தெரிந்தன.

"பார்த்தீங்களா? கொஞ்சம்கூடச் சத்தம் வரல!" என்றார் மேடம் பெருமையாக.

அப்போது பார்த்து சைபர் சாருடைய செல்போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"பேசிட்டுத்தான் இருக்காங்க."

"அவங்க பேசறது இருக்கட்டும். நீங்க?"

"நான் கீழ இருக்கேன்."

"எந்தக் கீழ? கேன்டீன்லயா?"

"தரையில."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "பாப்பா காலையில கேட்டா, மறுபடியும் ஸ்கூல் மாறணுமாப்பான்னு. இப்பத்தான் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா. பதில நீங்களே வந்து சொல்லுங்க."

போனை வைத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. மகள் போகிற மூன்றாவது பள்ளிக்கூடம் அது. அப்பாவுக்கு வாய் இல்லாததற்கு அவள் என்ன பாவம் செய்தாள்? கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது மூக்குக்கு அருகில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் கதவுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு, நேராக நாற்காலியை நோக்கி.

"யாரும் காலை எடுக்காதீங்க!" என்ற அலறலோடு எதிர் அறை எறும்பு மேடம் வாசலில் வந்து நின்றார். வெள்ளைக் கோட்டின் ஒரு கை மட்டும் மாட்டியிருந்தது. "எல்லாம் என் பிள்ளைங்க! எப்படி வெளிய வந்ததுன்னே தெரியல!"

வேதியியல் மேடம் குப்பியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

எறும்பு மேடம் தரையில் மண்டியிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, வரிசையா போகுதுங்களே! சர்க்கரை வச்சேன், தேன் வச்சேன், சொன்ன வழியில வந்ததே இல்ல. என்ன ஊத்தினீங்க இதுல?"

குப்பி மறுபடியும் முன்னால் வந்தது.

எறும்புகள் நாற்காலிக்குள் புகுந்துவிட்டன. அவற்றை நசுக்காமல் எடுக்க வேண்டும் என்று எறும்பு மேடம் கெஞ்சினார். முதலில் கைப்பிடியைக் கழற்றினார்கள். எறும்புகள் இருக்கைக்கு அடியில் போயின. இருக்கையைக் கழற்றினார்கள். சக்கரங்களுக்குப் போயின. சக்கரங்களைக் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அறையில் நாற்காலி என்று சொல்லக்கூடிய பொருள் எதுவும் இல்லை. உதிரி பாகங்கள் தரையெல்லாம் கிடக்க, அவற்றுக்கு நடுவே எறும்புகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

களைத்துப்போன அதிர்வுக்காரர், ரப்பர் கட்டையோடு கிடந்த முதுகுப் பலகையின் மேல் கையை ஊன்றினார். க்ரோம். எண்ணெய் படாத ஏதோ ஒரு மூலை இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

முன்னால் போன எறும்பு சட்டென்று நின்றது. அடுத்தது நின்றது. அதற்கடுத்தது கொஞ்சம் தாமதித்து நின்றது. அந்தத் தயக்கம் வரிசை நெடுகப் பின்னால் போய், கதவருகில் தேய்ந்து மறைந்தது.

தரையில் கிடந்த சைபர் சார் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை ஊன்றுங்க."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிர்வுக்காரர் நம்பமுடியாமல், "சார்தானா பேசினது?" என்று கேட்டார்.

"ஊன்றுங்க சார்! இப்ப கொஞ்சம் மெதுவா. மேடம், இந்த இடத்துல எண்ணெய் விடுங்க. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு! மேடம், இதுங்க வீட்டுக்குத் திரும்பும்போதும் இப்படித்தான் நிக்குமா? இல்ல, போகும்போது மட்டுமா?"

மூன்று வருடம் சேர்த்து வைத்ததையெல்லாம் மனிதர் ஒரே மூச்சில் கேட்டார். பலகை நிரம்பி, எழுத்து சுவருக்குத் தாவியது. யாருக்கும் பசிக்கவில்லை. பிற்பகலில் மதிப்பீட்டுக் குழு இயக்குநர் அம்மாவோடு உள்ளே வந்தபோது, வெவ்வேறு துறை ஆய்வாளர்கள் நாலு பேர் தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள்.

"உட்கார ஒரு நாற்காலிகூட இல்லையா?" என்றார் குழுத் தலைவர்.

"இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு சைபர் சார் எழுந்து நின்றார். முழங்காலில் எண்ணெய், சட்டையில் எறும்பு. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

"இது எந்தத் துறையோட வேலை?"

"எங்களோடது" என்று மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எறும்பு மேடம், "எங்க நாலு பேரோடதும்தான் சார். ஆரம்பிச்சது இவரு" என்று சைபர் சாரைக் காட்டினார்.

"சொல்லுங்க சார். எங்ககிட்ட சொன்னீங்களே, அதேதான்" என்று அதிர்வுக்காரர் காதோரம் கிசுகிசுத்தார்.

சொன்னார். முதலில் திக்கி, பிறகு திக்காமல். முடிவதற்குள் குழுத் தலைவரும் தரையில் மண்டியிட்டு, "எங்க, நான் ஒரு தடவை ஊன்றிப் பார்க்கறேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்தபோது, "இதை விட்டுடாதீங்க. ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி நான் எழுதிடறேன்" என்றார்.

சைபர் சாருக்கு நன்றி சொல்லிப் பழக்கம் இல்லை. அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே! ஆனால் அன்று மாலை அவர் அறை அறையாகப் போய்ச் சொன்னார். அதிர்வுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார், விடத் தெரியவில்லை. வேதியியல் மேடத்திடம் பேச ஆரம்பித்தபோது கண் கலங்கிவிட்டது. எறும்பு மேடம், "நீங்க எனக்கு எதுக்கு சார் நன்றி சொல்றீங்க? நான்ல உங்களுக்குச் சொல்லணும்!" என்று அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

வீட்டுக்குப் போன் செய்தார். மகள்தான் எடுத்தாள்.

"பாப்பா, ஸ்கூல் மாற வேண்டாம்."

மறுமுனையில் ஒரு கூச்சல். அதற்குப் பின்னால் மனைவியின் சிரிப்பு. இத்தனை வருடம் இத்தனை நல்லவர்களுக்கு நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. யாருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தீராது என்று தோன்றியது.

அறைக்குத் திரும்பியபோது பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர் ஸ்பானரும் கையுமாக நின்றிருந்தார். தரையில் கிடந்த கைப்பிடியையும் சக்கரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்ணெய் வழியும் முதுகுப் பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்க, உங்களுக்கு ரொம்ப வேலை வச்சுட்டேன்" என்றார் சைபர் சார்.

ஃபிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? சத்தம் கேட்டாவது பக்கத்து ரூம்காரங்க உங்களை எட்டிப் பார்க்கட்டும்னு, நேத்து டைரக்டர் அம்மா என்னை ஒரே ஒரு ஸ்க்ரூவைத்தான் தளர்த்தி வைக்கச் சொன்னாங்க!"