இன்ஜின் சாரின் மேல்கூடு

தஞ்சாவூர் ஜில்லாவில் நெல் விளைவதற்குக் காவிரி போதும். அறுவடை ஆவதற்கு இன்ஜின் சார் வேண்டும். எங்கள் தாலுகா ஆபீசில் பியூன் முதல் புளியமரத்துக் காக்கை வரை அப்படித்தான் நம்பினோம்.

அவர் துணை தாசில்தார். ஆட்சி மாறி, கரை வேட்டிகள் ஆபீசுக்குள் தைரியமாக நுழையத் தொடங்கியிருந்த காலம். கதிர் முற்றினால் போதும், மேஜைக்கு ஒரு பக்கம் மிராசுதார், எதிர்ப்பக்கம் செங்கொடித் தோழர், நடுவில் கூலித் தகராறு, அதற்கும் நடுவில் இன்ஜின் சார். குமாஸ்தாவாகிய நான் எதற்கும் வசதியாக வாசல் பக்கம்.

சாரிடம் ஒரு பொம்மை ரயில் இன்ஜின் இருந்தது. சிங்கப்பூர் மச்சினர் கொண்டுவந்தது. கையகலப் பச்சை டீசல், பேட்டரியில் ஓடும். சமாதானக் கூட்டத்தில் மேஜைமேல் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு ஓடவிடுவார். சுவிட்ச் அவர் கையில். யார் முன்னால் நிறுத்துகிறாரோ அவர்தான் பேசலாம்.

"இன்ஜின் வரட்டும்யா, அப்புறம் திட்டுங்க" என்பார். அது சுற்றி வருவதற்குள் கோபம் பாதி ஆறிவிடும். சிரிக்காதீர்கள், இரண்டு போகம் இப்படித்தான் அறுவடையானது.

கோளாறு அவருடைய அன்பில் இருந்தது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது இன்ஜினுக்கும் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார். "அதுக்கும் உடம்பு சூடாகும்ல?"

அந்த ஐப்பசியில் குறுவை தலை சாய்ந்து நின்றது. வானம் கறுத்துக் கிடந்தது. அன்று பேச்சு முடியாவிட்டால் கதிரெல்லாம் தண்ணீருக்குள். இன்ஜின் கிளம்பியது, முனகியது, நின்றது. என் முன்னால். சார் போட்ட சட்டப்படி பேசும் உரிமை எனக்கு மட்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"டீ சொல்லட்டுங்களா சார்?" என்றேன்.

"மேல்கூட்டைக் கழட்டணும்யா" என்றார் சார், மகளுக்கு ஆபரேஷன் என்று கேட்டவர் குரலில்.

அடியில் தெரிந்த திருகாணிகளையெல்லாம் கழற்றினார். சக்கரங்கள் விழுந்தன. கூடு அசையவில்லை.

"தட்டுங்க சார், வரும்" என்றார் மிராசுதார்.

"தட்டியே பழக்கம் இவங்களுக்கு. நெம்புங்க சார்" என்றார் தோழர்.

"நெம்பினா உடைஞ்சிரும்! இவரு ஆளுங்களுக்கு உடைக்கத்தான் தெரியும்."

திருகாணிகளைப் பத்திரமாக வைத்திருப்பது என் பொறுப்பு. உள்ளங்கையில் வைத்திருந்தேன். தும்மினேன். மீதிக் கூட்டத்தில் மேஜைக்கு அடியில் நான்கு காலில் கலந்துகொண்டேன்.

மேலே சாரின் குரல் கேட்டது. "அட, கூட்டுக்குத் திருகாணியே இல்லய்யா! ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சிருக்கு. அய்யா, நீங்க அந்தப் பக்கம் நகத்தால விரிச்சுப் புடிங்க. தோழரே, நீங்க இந்தப் பக்கம். மெதுவா..."

"ஏம்பா, உன் பக்கம் வருதா?"

"வருதுங்க. நீங்க விட்டுடாதீங்க."

அந்த இருவரும் நேருக்கு நேர் தன்மையாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். டிக்கென்று கூடு கழன்றது. உள்ளே நல்லெண்ணெய் அரக்காக இறுகியிருந்தது. அதில் சாரின் தலைமுடி வேறு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, நான் கண்டெடுத்துக் கொடுத்த திருகாணிகளை முடுக்கி, கூடு போடாமலேயே விட்டார். பறந்தது. மூவரும் சிரித்தார்கள்.

பிறகு கூலி பேசினார்கள். அரை மரக்கால் நெல் வித்தியாசத்தில் பேச்சு முறிந்தது. ஒரு திருகாணி கிடைக்காமல் நான் இன்னும் அடியிலேயே இருந்ததால், செருப்புகளை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் மிராசுதாரின் தோல் செருப்பு எழுந்தது. பிறகு தோழரின் டயர் செருப்பு. சாரின் ஷூ மட்டும் நகரவேயில்லை.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. நெல் வயலிலேயே முளைத்தது. விதைத்தவருக்கும் இல்லை, அறுக்க வேண்டியவர்களுக்கும் இல்லை.

அதன்பின் சமாதானம் பேசப் போலீஸ்காரர்கள் வந்தார்கள். எங்கள் மேஜைக்கு யாரும் வரவில்லை. சார் மட்டும் கூடில்லாத இன்ஜினை ஓட்டிக்கொண்டிருப்பார். மிராசுதாரின் காலி நாற்காலி முன்னால் நிறுத்திக் காத்திருப்பார். பிறகு தோழரின் நாற்காலி முன்னால்.

"கூட்டை மாட்டிடலாமா சார்?"

"வேணாம்யா. எங்க சிக்குதுன்னாவது தெரியட்டும்."

மாற்றலாகிப் போகும்போது இன்ஜினை மட்டும் எடுத்துப்போனார். கூடு இன்று என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. உள்ளே விரல் விட்டால் இன்னும் நல்லெண்ணெய்ப் பிசுக்கு. "அதைத் துடைச்சு வைங்களேன்" என்கிறாள் மனைவி. கை வரமாட்டேன் என்கிறது.