பாதி மச்சம்

ஒரு குழந்தையின் தலையெழுத்தை ஊக்கு முனையால் பாதி அழித்தவள் நான். தலையெழுத்து தலையில்தான் இருக்கும் என்று நம்பி அசட்டையாக இருந்துவிட்டேன். என் அண்ணன் மகள் புஷ்பாவுக்கு அது உள்ளங்காலில் இருந்தது.

இடது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று மேலே, கடுகளவு கறுப்பு மச்சம். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் தாண்டிப் போவார்கள் என்பார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குக் கடல் தாண்டுவது என்றால் சிங்கப்பூராகவும் இருக்கலாம், துபாயாகவும் இருக்கலாம். புதுச்சேரியில் அதற்கு ஒரே அர்த்தம்தான், பிரான்சு. எங்கள் தெருவிலிருந்தே இரண்டு குடும்பங்கள் போயிருந்தன. நாங்கள் மில் சம்பளத்தில் ஓடிய வீடு. எங்களுக்கு இருந்த ஒரே பிரெஞ்சு சொத்து அந்த மச்சம். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன்பே அண்ணி குழந்தையின் காலைத் தூக்கிக் காட்டிவிடுவார்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்தொன்பது வயது. படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். (உடம்பு மட்டும்தான் இருந்தது.) அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயையே அணைத்தாலும், பக்கத்தில் நிற்கும் எனக்கு அது தெரியாது. கனகாவிடம் ஒரு வேலை சொன்னால் அது இரண்டு வேலையாகும் என்பார் அண்ணி. இரண்டாவது வேலை, முதல் வேலையைத் துடைப்பது.

அப்படிப்பட்ட அண்ணிதான் ஒரு நாள் முதன்முதலாகப் புஷ்பாவை என் பொறுப்பில் விட்டுவிட்டு, நெல்லித்தோப்பில் இருந்த தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்.

"உன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன் கனகா. நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன். கடலு பக்கம் மட்டும் போயிடாத."

"சரிங்கண்ணி" என்று நான் சொல்லும்போதே என் மனது வைத்திக்குப்பத்து மணலில் நடந்துகொண்டிருந்தது. அன்று காலையிலிருந்து தூரக் கடலில் ஒரு வெள்ளைக் கப்பல் நிற்பதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். பார்க்காமல் எப்படி இருப்பது?

பார்த்தோம். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று மணலில் கிடந்த ஒரு பழைய படகின் மேல் புஷ்பாவை ஏற்றினேன். அவள் சறுக்கிக்கொண்டு இறங்கியபோது வலது உள்ளங்காலில் ஒரு மரச் சிலாம்பு ஏறியது. கொஞ்சநஞ்சமல்ல, தோலுக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும் அளவுக்கு உள்ளே போய்விட்டது. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தபோது மணி இரண்டு.

இன்னும் இரண்டு மணி நேரம். அதற்குள் சிலாம்பு வெளியே வராவிட்டால், கடற்கரைக்குப் போனது வெளியே வந்துவிடும். பிறகு ஜென்மத்துக்கும் அண்ணி குழந்தையை என்னிடம் விடமாட்டார். அதுதான் எனக்குப் பெரிய பயம். அந்த வீட்டில் என் கற்பனைகளைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அந்த ஐந்து வயதுக் குழந்தைதான்.

ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றித் தீயில் காட்டினேன். அதைப் பார்த்ததும் இரண்டு கால்களும் பாவாடைக்குள் போய்விட்டன.

"குத்தாத அத்த."

"குத்த மாட்டேன்டா கண்ணு. எடுத்துடுவேன்."

"கத சொன்னா காட்டுறேன்."

பாயில் குப்புறப் படுத்து, இரண்டு கால்களையும் என் மடியில் போட்டாள். நான் தேங்காயெண்ணெய் தடவிக் கதையைத் தொடங்கினேன். வேறென்ன கதை, அந்த வெள்ளைக் கப்பல்தான். அது புஷ்பாவை ஏற்றிக்கொள்ளத்தான் வந்திருக்கிறது. மேல்தளத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி. சுற்றிலும் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் வெயில், வெயிலுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. ஜன்னலில் கட்டியிருந்த பழைய புடவை கடல் காற்றில் உப்பி உப்பி அமுங்கியது. எனக்கு வீடே மெல்ல நகர்வதுபோல இருந்தது. எந்த இடத்தில் நானும் கப்பல் ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. அந்த ஆனந்தத்திலேயே மடியிலிருந்த ஒரு காலை எடுத்தேன். கறுப்புப் புள்ளி இருந்தது. தோண்டினேன்.

"வலிக்குது அத்த."

"கப்பலு ஆடுதுல்ல, அப்படித்தான் இருக்கும்."

சமாதானமாகிவிட்டாள். நான் இலங்கையைத் தாண்டினேன், ஏதோ ஒரு பாலைவனக் கரையைத் தாண்டினேன், சிலாம்பு மட்டும் அசையவில்லை. எப்படி அசையும்? அதன் வேர் அவள் ஜாதகத்தில் அல்லவா இருந்தது.

பிரான்சுக் கரை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் பின்னால் ஒரு குரல் கேட்டது. அண்ணி அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"இன்னாடி பண்ற?"

"சிலாம்புங்கண்ணி. பாதி வந்துடுச்சு."

அண்ணி குனிந்து, முந்தானையால் ரத்தத்தைத் துடைத்துப் பார்த்தார்.

"கனகா, அது மச்சம்டி."

புஷ்பா படுத்தபடியே இன்னொரு காலைத் தூக்கினாள். "சிலாம்பு இந்தக் கால்லம்மா."

"ஏன்டி, அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா கப்பலு நின்னுடும்."

அண்ணி வெந்நீரில் உப்புப் போட்டு அந்தக் காலை ஊறவைத்தார். பிறகு இரண்டு கட்டைவிரல் நகங்களால் ஒரு அழுத்து அழுத்தினார். அரை விரல்நீளச் சிலாம்பு வழுக்கிக்கொண்டு வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் சிலாம்பு. நல்லா பாத்துக்க." அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தார். "எம் புள்ளய பிரான்சுக்குப் போவ வுடாம பண்ணிட்டியேடி." நானும் அழுதேன். அவமானம் பாதி, அந்தப் பிஞ்சுக் காலைப் பார்த்த வேதனை பாதி.

ஷிப்டு முடிந்து வந்த அண்ணன் விளக்கடியில் குழந்தையின் காலை வைத்து நிதானமாக ஆராய்ந்தான். மில்லில் அறுந்த நூலைப் பார்க்கிற அதே பார்வை.

"பாதி இருக்குதுல்ல? பாதி தூரம் போவா, வுடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

பத்து நாள் அண்ணி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் உட்காரவைத்தார். "கத கேட்டு நச்சரிக்கிறா. கையில எதுவும் இல்லாம சொல்லு."

அண்ணன் வாக்கு பலித்தது. புஷ்பாவுக்கு அமைந்த மாப்பிள்ளைக்கு அந்தமானில் வேலை. கடல் தாண்டல்தான், சந்தேகமில்லை. ஆனால் பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறும்போது (அதுவும் வெள்ளைக் கப்பல்) அவள் என் காதருகே குனிந்து, "பாதி மச்சத்துக்குப் பாதிக் கடல்தானே அத்த" என்றாள். வீட்டில் யாருக்கு எது அரைகுறையாக நடந்தாலும், 'கனகா தோண்டிய மச்சம்' என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

எனக்கு அதில் வருத்தமில்லை. பிரான்சுக்கு முழுசாகப் போன அந்த இரண்டு குடும்பங்களும் திரும்பி வரவே இல்லை. புஷ்பா வருடம் தவறாமல் மே மாதம் வந்துவிடுகிறாள். வந்ததும் பாயை விரித்துக் குப்புறப் படுத்து, இரண்டு கால்களையும் என் மடியில் போட்டுக்கொண்டு சொல்கிறாள்:

"கத சொல்லு அத்த. ஊக்க மட்டும் கழட்டி அம்மாகிட்ட குடுத்துடு."