வாத்துக்காரியின் கழுத்தைக் கடித்த விவகாரம்

லாங்டன், ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்
14 அக்டோபர் 1996

மரியாதைக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய என் மூத்த சகோதரி பெரில் அக்காவுக்கு, தம்பி ஹொரஸ் தலைகுனிந்து எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் வீட்டுக்காரி ஈனிடும் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. ஆனால் அதைக் கேட்கிற மனநிலையில் நீ இருக்கமாட்டாய். லாண்டட்னோ கடல்காற்று உன் மூட்டுவலிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று விசாரிக்க எனக்கும் ஆசைதான். நாலு மாதமாக என் குரலைக் கேட்டதும் நீ தொலைபேசியை வைத்துவிடுவதால் இப்படி எழுத்தில் விசாரிக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழிக்காதே என்று சொல்லவில்லை அக்கா. படித்துவிட்டுக் கிழி என்றுதான் சொல்கிறேன்.

ஜூன் மாதம் எங்கள் பீங்கான் பொம்மைச் சங்கத்தின் மதிப்பீட்டு நாளுக்கு நீ உன் வாத்துக்காரி பொம்மையை எடுத்துக்கொண்டு வந்தாய். க்வென்னுக்கு நாற்பது வயதாகிறது, மகளுக்கே கொடுத்துவிடப் போகிறேன், அதற்குமுன் என்ன மதிப்பு என்று சொல்லுடா என்று என்னிடம் நீட்டினாய். சிரில் அத்தான் உனக்கு நிச்சயதார்த்தத்தன்று கொடுத்த பொம்மை. ஐம்பத்தைந்தாம் வருஷம் கம்பெனிக்காரர்கள் அதற்கு ஓய்வு கொடுத்து, இனிமேல் செய்வதில்லை என்று அச்சையும் உடைத்துப்போட்டார்கள், அதிலிருந்து விலை ஏறிக்கொண்டே போகிறது. நம் ஊரில் பொம்மைக்குத்தான் ஓய்வு கொடுத்தால் மதிப்பு ஏறும். எனக்கு ஓய்வு கொடுத்தபோது ஒரு கடிகாரம் கொடுத்தார்கள், அதுவும் ஓடவில்லை. சரி, அதை விடு. அன்றைக்கு நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் வழக்கம்போல வாத்துக்காரியைத் தூக்கி அடியில் முத்திரையைப் பார்த்து, பிறகு அவள் கழுத்தைப் பல்லில் வைத்துத் தட்டினேன். உடையாத பீங்கான் என்றால் பல்லில் ஜில்லென்று, டிக்கென்று படும். உடைந்ததை ஒட்டி மேலே சாயம் பூசியிருந்தால் மெத்தென்று இருக்கும். முப்பது வருஷமாக இந்த வட்டாரத்தில் என் பல் சொன்னதுதான் தீர்ப்பு. வாத்துக்காரியின் கழுத்து மெத்தென்று இருந்தது.

"அக்கா, இது ஒட்டுப்போட்ட கழுத்து. அத்தான் உன்ன நல்லா ஏமாத்திட்டாரு" என்று நான் சத்தமாகவே சொன்னேன். உன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

"என்னடா சொல்ற? ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவர் இத கையில எடுத்து, 'ஒரு கீறல் இல்ல பெரில், நம்ம கல்யாணம் மாதிரி'ன்னு சொல்வாரேடா!" என்றாய்.

"சொல்றதுக்கென்ன, காசா பணமா?" என்றேன் நான். என் நாக்கில் நெருப்பை வைக்க.

நீ பொம்மையை மேஜையிலேயே விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாய். போன மாதம் க்வென் எழுதியிருந்தாள்: அத்தான் படத்தைக் கணப்பு மேலிருந்து எடுத்து அலமாரிக்குள் போட்டுவிட்டாயாம். அவர் போய்ச்சேர்ந்த இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் கல்லறைக்குப் பூ கொண்டுபோனவள், ஜூனிலிருந்து போவதில்லையாம். "முப்பத்தாறு வருஷம் ஒருத்தன் பொய் சொல்லிட்டு இருந்திருக்கான், அவனுக்கு எதுக்குப் பூ" என்று கேட்டாயாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை அக்கா.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். மார்ச்சில் எனக்குப் பல் முழுக்க எடுத்துவிட்டுப் பல்செட் மாட்டினார்கள். சங்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னைப் 'பல் டனிக்ளிஃப்' என்று கூப்பிடுகிற இடத்தில் போய், பல் போச்சு என்று எப்படிச் சொல்வது? மார்ச்சிலிருந்து பதினோரு பொம்மைகளுக்கு ஒட்டுப்போட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். சங்கத்து வில்ஃப் மட்டும் சண்டைக்கு வந்தான். "யோவ், போன வருஷம் இதே ஆட்டுக்காரன் பொம்மைய நீதான்யா சுத்தம்னு சொன்ன!" என்றான். "ஒரு வருஷத்துல என்ன வேணா நடக்கும்யா, உன் வீட்ட நீயே விசாரி" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவன் வீட்டில் போய் விசாரித்து, மனைவி மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

போன வாரம் என் பிறந்தநாளுக்கு ஈனிட் ஒரு புதுப் பொம்மை வாங்கித் தந்தாள், கம்பெனிக் கடையிலேயே வாங்கியது, பெட்டியைப் பிரித்ததே நான்தான், பிரித்ததும் பழக்கதோஷம், கடித்தேன், மெத்! எனக்கு வந்ததே கோபம். பஸ் பிடித்துக் கடைக்கே போய், கம்பெனியே ஒட்டுப்போட்டு விற்க ஆரம்பித்துவிட்டதா என்று கத்தினேன். கல்லாவில் இருந்த பெண், "ஐயா, இது போன செவ்வாக்கெழமதான் சூளையிலேர்ந்து வந்துச்சு, இதுக்கு இன்னும் விழுறதுக்கே நேரம் கெடைக்கல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து தேநீர்க் கோப்பையைக் கடித்தேன், மெத். கெட்டிலுக்குப் பக்கத்திலிருந்த பீங்கான் ஜாடி, சூப் கிண்ணம், மெத், மெத். கடைசியில் குளியலறையில் மண்டிபோட்டுக் கைகழுவும் தொட்டியின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஈனிட் கதவைத் திறந்தாள்.

"பசிச்சா சொல்லக் கூடாதா ஹொரஸ்? ஓட்ஸ் ரொட்டி சுட்டு வச்சிருக்கேனே!"

"ஈனிட், நம்ம தொட்டிகூட ஒட்டுப்போட்டது."

"தொட்டியில ஒட்டு இல்ல. உன் வாயிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. மெத்தென்று இருந்தது பொம்மை இல்லை, என் பிளாஸ்டிக் பல். வாத்துக்காரி சுத்தம். அத்தான் சுத்தம். நான்தான் கழிவு. இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன், மறைக்கிறதுக்கு இனி என்ன இருக்கு. அத்தானை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. டெர்பிக்காரர், நம் பீங்கான் ஊர் ஆள் இல்லை, பீங்கானைப் பற்றி அவருக்கென்ன தெரியும் என்கிற இளக்காரம் ஒரு பக்கம். ஊரிலுள்ள பொம்மையெல்லாம் என் கைக்கு வரும்போது, உன் வாத்துக்காரியை மட்டும் கண்ணாடிக் கூட்டுக்குள் பூட்டிவைத்து என்னைத் தொடவே விடமாட்டாரே, அந்தக் கடுப்பு ஒரு பக்கம். அன்றைக்குக் கழுத்து மெத்தென்று பட்டபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. செத்துப்போன மனுஷன் பதில் சொல்ல வரமாட்டார் என்கிற தைரியம். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னிக்க வேண்டாம், அவரோடு ராசியாகிவிடு, அது போதும். ஞாயிற்றுக்கிழமை வாத்துக்காரியை நானே கொண்டுவந்து தருகிறேன். வியாழக்கிழமை சங்கத்தில் பல்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து எல்லாரிடமும் ஒத்துக்கொள்ளப் போகிறேன்.

க்வென்னுக்கு என் ஆசீர்வாதம். உன் பூனைக்கு என் விசாரிப்பு; அதுவாவது என்னைப் பார்த்து முகம் திருப்பாது என்று நம்புகிறேன். உனக்கு ஆண்டவன் நல்ல உடம்பையும், தம்பி விஷயத்தில் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் உதவாக்கரைத் தம்பி,
ஹொரஸ் டனிக்ளிஃப்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை ஈனிடுக்குப் படித்துக் காட்டினேன். பின்னிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தாள். "அனுப்பாத ஹொரஸ். அந்தக் கழுத்து ஒட்டுப்போட்டதுதான்" என்றாள். நீயும் கடித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். "கடிக்க வேண்டியதில்ல, நான்தான் தலைய சோஃபாவுக்கு அடியிலேர்ந்து பொறுக்கினேன்" என்றாள். எழுபத்துநாலாம் வருஷத்துக் கிறிஸ்மஸில் நடந்தது அக்கா. நீ இருமல் என்று மாடிக்குப் படுக்கப் போய்விட்டாய். நான் ஷெர்ரி ஒயின் போதையில் வாத்துக்காரியைக் கையில் எடுத்து நடனம் ஆடினேனாம். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. அத்தான் ஈனிட் கையைப் பிடித்து, "இவன் உடைச்சான்னு தெரிஞ்சா பெரில் இனி இவன வாசப்படி ஏறவிடமாட்டா. அவளுக்கு இருக்கிறது ஒரே தம்பி. ரெண்டு பேருக்குமே தெரியக் கூடாது" என்று சத்தியம் வாங்கினாராம். துடைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, நம் ஊரில் கொடுத்தால் என் காதுக்கு வந்துவிடும் என்று டெர்பிக்குக் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டு வந்தாராம். ஆகவே மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடு. அத்தான் உன்னிடம் பொய் சொன்னது நிஜம்தான் அக்கா, பன்னிரண்டு கிறிஸ்மஸ் சொன்னார். எனக்காகச் சொன்னார்.