பூரியைக் களைக்க வைத்த கதை

நாய் வளர்ப்பு பற்றி யாருக்கும் யோசனை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அந்தத் தகுதியை ஒரே நாளில், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நடந்தே போய்த் தொலைத்துவிட்டு வந்தவன் நான்.

பூரி அப்போது இரண்டு மாதக் குட்டி. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் மனைவி செல்வி வாய் திறந்து கேட்டது அந்த ஒன்றைத்தான். (நகை கேட்டிருந்தால் இல்லையென்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.) நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், வீட்டுக்கார அண்ணாச்சி கீழே. ராத்திரியில் நாயைக் கூண்டில்தான் போட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. கம்பிக் கூண்டு வாங்கி, பழைய போர்வை விரித்து, அடுக்களையில் வைத்தோம். விளக்கை அணைத்ததும் பூரி அழ ஆரம்பித்தது.

மூன்று ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. மின்விசிறி கிரீச்சிட்டால்கூட அண்ணாச்சி படியேறி வருகிறார் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நான்காம் நாள் காலையில் அவர் நிஜமாகவே வந்துவிட்டார்.

"தம்பி, நாலு மணிக்கு எந்திச்சு கடை தொறக்குத ஆளு நான். இன்னைக்கும் அழுதுன்னா, நாயக் கொண்டு விட்டுரும். இல்ல, வேற வீடு பாத்துக்கிடும்."

செல்வி உள்ளே போய்ப் பூரியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. (வந்திருக்கக் கூடாது.)

குட்டியைக் கொடுத்த புளியறைக்காரருக்குப் போன் போட்டேன். பகலில் நன்றாகக் களைக்க விட்டால் ராத்திரி அடித்துப் போட்டாற்போல் தூங்கும் என்றார். களைப்புக்குக் குற்றாலம் வரை நடந்தால் போதும் என்பது நானாகக் கண்டுபிடித்தது. லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். பூரி தெருமுனை வரை நடந்தது. அப்புறம் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. மிச்ச தூரம் முழுக்க, சாரலில் நனைந்தபடி நான்தான் சுமந்தேன். அது என் தோளில் சுகமாகத் தூங்கியது.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர் என் நடையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு உட்காரச் சொன்னார். பூரியை அவருடைய கூட்டாளி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அங்கேயும் தூங்கியது. எனக்குத் தலையிலிருந்து கால்வரை எலும்பெல்லாம் கழன்று மாட்டின. பிறகு, போலீஸ்காரர் விரட்டும்வரை அருவியில் நின்றேன். ஆட்டோவில் வீடு வந்து, ஒன்பது மணிக்குப் பூரியைக் கூண்டில் விட்டு, "இன்னைக்குப் பாரு" என்று செல்வியிடம் சொன்னது வரைதான் எனக்கு ஞாபகம்.

கண் விழித்தால் மணி ஏழரை. ராத்திரி ஒரு முனகல்கூட என் காதில் விழவில்லை! செல்வியைக்கூடத் தேடாமல் கீழே ஓடினேன். அண்ணாச்சி கடைக்குப் போகாமல் வாசலில் நின்றிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. ராத்திரி சத்தம் ஏதாவது கேட்டுச்சா அண்ணாச்சி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"பத்து மணிக்கு அது ஆரம்பிச்சதுல தெருவே முழிச்சாச்சு, தம்பி. நான் வந்து கதவத் தட்டுதேன், ஒம்ம வீட்டுக்காரி ஒம்மப் போட்டு உலுக்குதா, நீரு அசையல. நாலு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் கூண்டத் தூக்கி ஒம்ம கட்டிலுக்குப் பக்கத்துல வச்சோம். தொங்குன ஒம்ம கைய மோந்து பாத்த பெறவுதான் அடங்குச்சு."

மானம் போனது போகட்டும். பூரியைக் கொண்டு விட வேண்டி வருமோ என்பதுதான் பயம். படியில் செல்வி பூரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப நாய..." என்று இழுத்தேன்.

"நாயி இருக்கட்டும்," என்றார் அண்ணாச்சி. "கள்ளன் வந்தா எந்திக்கதுக்கு மாடியில ஒரு ஆளு வேணும்லா."

அன்றிலிருந்து கூண்டு என் கட்டிலோரம்தான். பூரி அழுவதேயில்லை. போன மாதம் அதற்குக் காலில் அடிபட்டு, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் விட வேண்டியதாகிவிட்டது. செல்வி சொன்னதும் போனில் மாமியார் பதறிப்போனார்.

"அப்போ ராத்திரி தொணைக்கு வீட்டுல ஆளே இல்லையாட்டி? நான் வேணா பொறப்பட்டு வரட்டா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.