மூழ்கிய கப்பலை அடுக்கி வைத்தவள்

தொழிற்சாலையில் வெகுகாலம் வேலை பார்த்தவர்களின் கை, தலையைக் கேட்டு நடக்காது. இதை நான் ஒரு மூழ்கிய கப்பலில் தெரிந்துகொண்டேன். (ஒரகடத்துக்காரிக்குக் கப்பல் ஏது என்று சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.)

வல்லம் வடகாலில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்‌ஷன் எனக்கு. அங்கே ஃபைவ் எஸ் என்று ஒரு சட்டம். வேண்டாததை ஒதுக்கு, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை, இப்படிப் போகும். லைன் நின்று நேரம் மிச்சமிருந்தால் எதையாவது அடுக்க வேண்டும். ஆனால் அடுக்குவதற்கு முன்னால் எது எங்கே கிடந்தது என்று காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை செய்ததாகவே சூப்பர்வைசர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்த லட்சணத்தில், கடலடித் தொல்லியலுக்குப் பயிற்சி முகாம் என்று கேள்விப்பட்டதும் லீவு போட்டுச் சேர்ந்துவிட்டேன். நீச்சல் நன்றாக வரும், திமிரும் இருந்தது. "இன்னாடி, முழுகிப்போன கப்பல நீ போயி அளக்கலன்னு யாரு அழுதாங்க?" என்றாள் அம்மா.

முதல் கட்டப் பயிற்சி, வாலாஜாபாத் போகும் வழியில் தண்ணீர் நிறைந்த ஒரு பழைய கல் குவாரியில். பயிற்சி கொடுத்த மேடம், ஓர் உடைந்த மீன்பிடிப் படகை உள்ளே இறக்கி, சுற்றிலும் பானை, ஓடு, நங்கூரம் எல்லாம் இறைத்துவிட்டிருந்தார். இரண்டிரண்டு பேராக இறங்கி, எது எங்கே கிடக்கிறது என்று அளந்து வரைய வேண்டும். சரியாக வரைந்தவர்களுக்கு மட்டும்தான் கடலில் கிடக்கும் நிஜக் கப்பல். அதைப் பார்க்காமல் என் கட்டை வேகாது என்கிற நிலையில் இருந்தேன்.

"எதையும் தொடக்கூடாது" என்றார் மேடம். வீட்டுக்கு எடுத்துப் போகாதே என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். (உடைந்த ஓட்டை யார் எடுத்துப் போவார்கள் என்று யோசித்திருக்கலாம்.)

என் ஜோடி முத்துராஜ், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், பக்கத்து கம்பெனியில் ஃபிட்டர். அவன் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, நான் அளந்து பிளாஸ்டிக் அட்டையில் பென்சிலால் வரைந்தேன். சீக்கிரமே முடிந்துவிட்டது. அவன் மறுகோடியில் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தான். சிலிண்டரில் காற்று மிச்சம். சும்மா இருக்குமா என் கை?

பானைகளை உயரவாரியாக நிறுத்தினேன். ஓடுகளை அடுக்கினேன். பலகைகளை நீளவாரியாகப் பிரித்தேன். சிதறிக்கிடந்த ஆணிகளை ஒரு பானைக்குள் போட்டேன். கிளம்பிய சேறு அடங்கியதும் முத்துராஜ் என்னைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினான். பாராட்டுகிறான் என்று நானும் ஆட்டினேன்.

மேலே வந்து வாயிலிருந்த குழாயை எடுத்ததும்தான் அவனுக்குப் பேச்சு வந்தது. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டிய!"

அதற்குள் அடுத்த ஜோடி இறங்கிவிட்டது. போன வேகத்தில் மேலே வந்தார்கள். "மேடம், கீழ கப்பல் இல்ல. பாத்திரக் கடைதான் கீது!"

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பானை விழுந்து கிடந்த இடம்தாம்மா அந்தக் கப்பல் எப்படி முழுகுச்சுன்னு சொல்லும். நீங்க அதோட வாயையே அடைச்சிட்டீங்க" என்றார். கடல் போச்சு, கப்பல் போச்சு.

அப்போது முத்துராஜ்தான் என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி அவரிடம் நீட்டினான். "மேடம், அக்கா கலைக்கதுக்கு முன்னாடி வரைஞ்சது இருக்குல்லா!"

மேடம் அட்டையை வெகுநேரம் பார்த்தார். ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டு பக்கத்திலிருந்து அளவு போட்டிருந்தேன். "சரி. இதை வச்சே எல்லாத்தையும் பழையபடி போட்டுட்டு வாங்க" என்றார்.

அடுக்குவது சுலபம், அலங்கோலமாகப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பானையைச் சாய்த்து வைக்க என் கை கூசியது. முடித்து மேலே வந்ததும், மேடம் தன் சொந்த வரைபடத்தோடு இறங்கினார். கரையில் நான் உட்கார்ந்திருந்த மாதிரி, பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட உட்கார்ந்ததில்லை.

மேலே வந்தவர், முகக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே ஒரு பானைதான் ஒரு சாண் தள்ளி இருக்கு."

"மீன் தள்ளியிருக்கும் மேடம்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடலுக்கு வாங்க. ஆனா கையைக் கட்டிட்டு வரணும்."

நிஜமாகவே கட்டிக்கொண்டுதான் போனேன். மணலுக்குள்ளிருந்து அந்தக் கப்பலின் விலாக்கட்டைகள் வரிசையாக எழுந்து நின்றபோது, முகக்கண்ணாடிக்குள் அழுதேன். அதன் வரைபடத்தில் ஒரு மூலை நான் அளந்தது. அதைச் சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் காட்டுவேன்.

குவாரியில் நான் அடுக்கி வைத்த கதையை முழுசாகச் சொல்வது மட்டும் அம்மாதான். இன்றைக்கும் நான் அடுப்படியில் நுழைந்து மசாலா டப்பாக்கள் பக்கம் நெருங்கினால் போதும், கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

"கைய கட்டிக்கினு அப்படியே நில்லுடி. இது என் கப்பலு."