எங்கள் வீட்டுச் சுவரில் உள்ள பெருக்கல் குறிகள் குறித்து

கொண்டப்பநாயக்கன்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

மோகனூர் திரு. சின்னண்ணன் அவர்களுக்கு, காளியப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்களைச் சம்பந்தி என்று விளிக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இக்கடிதத்தைப் படித்தபின் தாங்கள் தீர்மானிக்க வேண்டியது அது என்பதால், அந்தச் சொல்லுக்கு இடம் மட்டும் விட்டிருக்கிறேன். தங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்றும் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது என்றும் நமக்கிடையே சம்பந்தம் பேசிவரும் காளிதாஸ் சொன்னார். இங்கு நாங்களும் சுகம், வீட்டைத் தவிர.

புள்ளியியல் துறையில் முப்பத்தோராண்டு இருந்தவன். சொல்ல வருவதை முதலிலேயே வரிசைப்படுத்தாவிட்டால் எனக்குக் கை ஓடாது:

1. வெள்ளிக்கிழமை தாங்கள் எங்கள் கேட்டோடு திரும்பியது.
2. சுவர் முழுக்கக் கறுப்புக் கட்டைகள் ஏன்.
3. பெருக்கல் குறிகள் யாவும் அலங்காரமே. ஒன்றுகூட இடிப்பதற்காகப் போட்டதல்ல.
4. புகைபோக்கி.
5. ஒரு வேண்டுகோள்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். அந்த ஜன்னல் சாய்சதுரமான சிறு கண்ணாடித் துண்டுகளால் ஆனது. அதன் வழியே பார்த்தால் ஒரு கார் பதினைந்து காராகத் தெரியும். ஆகவே முதலில் மொத்தக் குடும்பமும் வந்துவிட்டது என்று பயந்து, இருக்கும் நாற்காலி போதுமா என்று எண்ணப் போனேன். திரும்பி வந்து ஜன்னல் கதவைத் திறந்து பார்த்தபோது இரண்டே கார்கள்தான், அவையும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன. என் மனைவி வசந்தாமணி அடுப்பில் பஜ்ஜி போட்டபடியே கேட்டாள், "ஏனுங்க, ஊடு பாக்க வந்தவிய கேட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போனா, ஊடு எப்படி இருக்குதுன்னு அர்த்தங்க?" மதியம் காளிதாஸ் போனில் சொன்னபோதுதான் அர்த்தம் தெரிந்தது. "அவரு கார்ல உக்காந்தே பாத்துட்டாருங்க மாமா. அவரு தம்பி ஊட்டுச் செவுத்துலயும் இப்படித்தான் இன்ட்டு மார்க் போட்டாங்களாமா. மூணாம் மாசம் ரோடு ஊட்டுக்குள்ள வந்து நின்னுச்சாமா. இடிக்கப் போற ஊட்டுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்கறதுங்கறாரு." அனுபவப்பட்டவர் கேட்கும் கேள்வி இது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் மகன் ஜீவானந்தம் வெள்ளியிலிருந்து செல்போனை மேசையில் கவிழ்த்தே வைத்திருக்கிறான். தங்கள் மகள் சௌந்தர்யாவும் அங்கே அப்படித்தான் வைத்திருக்கிறாளோ என்னவோ. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இனி கட்டைகள். ஜீவானந்தம் படுக்கை விரிப்பு வியாபார விஷயமாக இங்கிலாந்து போனபோது ஒரு பழைய விடுதியில் மூன்று நாள் தங்கியிருக்கிறான். வெள்ளைச் சுவர், கறுப்பு மரச்சட்டம், செங்குத்தான கூரை. இருநூற்றுப் பதினான்கு புகைப்படங்களோடு திரும்பியவன், எஞ்சினியர் செந்தமிழனிடம் அவற்றைக் கொடுத்து, இதே மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டான். டியூடர் பாணி என்று பெயராம். நான் தடுத்திருக்கலாம். தடுக்கும் அளவுக்கு எனக்கு அந்த விஷயம் தெரியாதே என்று நூலகத்துக்குப் போனேன். படித்து முடிப்பதற்குள் கூரை போட்டுவிட்டார்கள். ஆனால் படித்தது வீண்போகவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரர்கள் கருவாலி என்னும் ஓக் மரத்தில் முதலில் எலும்புக்கூடு போல வீட்டை நிறுத்தினார்கள். காற்றில் சாயாமலிருக்கக் குறுக்குக் கட்டைகள் கொடுத்தார்கள். இடைவெளியில் குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்துப் பூசினார்கள். சாணி என்று நான் வாய்விட்டுப் படித்ததும் வசந்தாமணி கரண்டியோடு வெளியே வந்தாள். "அங்கயுமா? அப்பறம் எதுக்குங்க பையன் ஏரோப்ளேன் ஏறிப் போனான்?" என்றாள். பெரிய கண்ணாடி செய்ய அவர்களுக்கு வசதி இல்லாததால் சிறு துண்டுகளைச் சேர்த்து ஜன்னல் செய்தார்கள். நம் ஜன்னலில் வசதி இருந்தும் அப்படிச் செய்திருக்கிறோம். பல தலைமுறை கழித்து, செங்கல் வீட்டில் சௌகரியமாக இருந்தவர்களுக்கு அந்தத் தோற்றத்தின்மேல் ஆசை வந்து, செங்கல் சுவர்மேல் பலகை ஒட்டிக்கொண்டார்களாம். என் மகன் பார்த்து மயங்கிய விடுதியே அப்படி ஒட்டியதுதான் என்று புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அங்கே மரம் வீட்டைத் தாங்கியது. இங்கே வீடுதான் கட்டையைச் சுமக்கிறது, அதுவும் கட்டை அல்ல, சிமெண்டுப் பட்டைக்குக் கறுப்பு பெயிண்ட். நம் பால்காரர் பொன்னன் மட்டும் தினமும் விசாரிக்கிறார்: "செவுரு வெடிச்சது நின்னுருச்சுங்களா சாமி? முட்டுக் குடுத்தது நல்லதாப் போச்சு."

பெருக்கல் குறிகளும் இந்தக் குறுக்குக் கட்டைகளே. செந்தமிழனின் வரைபடத்தில் அவை ஏழு. நான் வாசலில் நின்று எண்ணினால் எட்டு வருகிறது. காலையில் எட்டு, மாலையில் எட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாலும் எட்டு. போன மாதம் மின்கட்டண அட்டையையே தலைகீழாகப் படித்தவன் நான். ஆகவே ஏழுதான் சரி என்று விட்டுவிட்டேன். இங்கே அதைக் குறிப்பிடுவது முழுமைக்காக மட்டுமே.

புகைபோக்கி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சேலத்து வெயிலில் குளிர்காய ஒரு கணப்பு எதற்கு என்று நான் மெதுவாகக் கேட்டேன். மெதுவாகக் கேட்டதால் யார் காதிலும் விழவில்லை. கணப்பு இருக்கும் இடத்தில் இப்போது இன்வெர்ட்டர் இருக்கிறது. மேலே குழாய் வாயில் ஏற்காட்டுக் குரங்கு ஒன்று உட்கார்ந்து எட்டிப் பார்க்கும். அதன் குட்டிகள் செங்குத்துக் கூரையில் சறுக்கி விளையாடும். பனி வழுக்கி விழுவதற்கென்று அமைந்த கூரை என்று படித்திருக்கிறேன். சரிவின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்பதைக் குரங்குகள் நிரூபிக்கின்றன.

வேண்டுகோள் இதுதான். தாங்கள் இன்னொரு முறை வர வேண்டும், இம்முறை காரை விட்டு இறங்கி வர வேண்டும். வீடு விசித்திரமானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிற்கும். பையன் நல்லவன். இந்த இரண்டையும் நான் பலமுறை சரிபார்த்திருக்கிறேன்.

கரும்புக்கு நல்ல விலையும், தங்கள் இல்லத்தார்க்கு நீண்ட ஆயுளும், சௌந்தர்யாவுக்கு மனம்போல வாழ்வும் அமைய, இரண்டாம் முறை ஆறிய பஜ்ஜியின் முன்னிலையில் வேண்டிக்கொள்ளும்,

மு. காளியப்பன்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் எதற்கும் இருக்கட்டும் என்று செந்தமிழனை வரைபடத்தோடு வரச்சொன்னேன். அவர் ஒவ்வொரு குறியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஏழு முடிந்ததும் கேட்டை ஒட்டிய காம்பவுண்டுச் சுவரின் முன் நின்றுவிட்டார். "சார், இங்க நாம ஒண்ணுமே போடலீங்களே." பெயிண்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "சாமி, இது செவப்பு பெயிண்ட்ல மொதல்லயே இருந்துச்சுங்க. கீழ ஏதோ நம்பர் வேற எழுதியிருந்துச்சு. யாரோ அளவுக்கு வரைஞ்சு உட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சு, மத்ததோட சேத்து நானே சுத்தமாக் கறுப்படிச்சு, சுத்தியும் வெள்ளைப் பட்டி போட்டுட்டேனுங்க" என்றார். பக்கத்து வீட்டுச் சுவரிலும் அதே சிவப்புக் குறி, கீழே "4 அடி". சாலையை அகலப்படுத்த அளந்தவர்கள் போட்டது. நம்முடையதைச் சாய்வாகப் பார்த்தால் கறுப்புக்கு அடியில் அந்த நாலு இன்னமும் தெரிகிறது. டேப் வைத்து அளந்தேன். கேட்டும் காம்பவுண்டும் போகும். வீடு அதற்கப்பால் இருபத்தாறடி தள்ளி நிற்கிறது, அதைத் தொடமாட்டார்கள்.

இந்தப் பின்குறிப்பை விட்டுவிடலாம் என்றான் ஜீவானந்தம். வசந்தாமணி ஒத்துக்கொள்ளவில்லை. "மறைச்சுக் கூட்டிட்டு வந்தா, அந்தப் புள்ள வந்து கேட்டத் தேடுமல்லொ?" என்றாள். அவன் உறையைத் தானே ஒட்டித் தருவதாகச் சொன்னான்.

ஆகவே, தாங்கள் அடுத்த முறை வரும்போது கேட் இருக்குமா என்று சொல்வதற்கில்லை; கேட்டோடு திரும்ப முடியாது. நான் மாதக்கணக்கில் பார்த்தும் தெரியாததைத் தாங்கள் காருக்குள் உட்கார்ந்தே இரண்டு நிமிடத்தில் கண்டுகொண்டீர்கள். என் எண்ணிக்கை எட்டு என்பது சரி. என் மூன்றாவது குறிப்பு தவறு.