என்ஜின் கிழவர் இறங்கிய கிரகம்

காஜா பெராங்,
மலாக்கா.
8.3.1970

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் மருதமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கிள்ளானில் நீங்களும் சீதா அக்காவும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதும்படி சொல்லித்தான் அம்மா பேனாவை எடுத்துக் கொடுத்தாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

அப்பா இந்தியாவுக்குப் போகிறார். கோயில் குளம் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு அல்ல, ஒரேயடியாக. அடுத்த மாதக் கப்பலில். அப்பா போனால் அம்மாவும் போகவேண்டியதுதான், அதில் பேச்சுக்கு இடமில்லை. ரப்பர் ஆலையில் அவருடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரனுக்கு இனி ரப்பர் ஷீட்டைப் புகைபோடத் தெரியாது என்று எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தோன்றிவிட்டது. ஆனால் வேலை போன எல்லாரும் கப்பல் ஏறவில்லை, அத்தான். சிலர் மீன் சந்தையில் கூடை தூக்குகிறார்கள், சிலர் உஜோங் பாசிர் பக்கம் யாருடைய தோட்டத்திலோ புல் வெட்டுகிறார்கள். அப்பா கப்பல் ஏறுவதற்குப் பாதிக் காரணம் பெர்மிட், மீதிக் காரணம் டெலிவிஷன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நானும் முதலில் சிரித்தேன்.

எங்கள் சந்தில் டெலிவிஷன் இருப்பது ஒரே வீட்டில். பொன்னுதுரை வீடு. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர், அக்காவுக்கு நன்றாகத் தெரியும். வாரம் ஒருமுறை அந்த ஆங்கிலத் தொடர் வரும். அதன் உண்மையான பெயர் யாருக்கும் வாயில் நுழையாததால் சந்து முழுக்க அதற்கு ‘ஆகாசக் கப்பல்’ என்று பெயர். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கப்பல் சுற்றிக்கொண்டிருக்கும், வாரத்துக்கு ஒரு கிரகத்தில் இறங்கும், அங்கே ஒரு வம்பு வரும், தீரும். அந்த வீட்டில் அவர் பிரம்பு நாற்காலியில், நாங்கள் தரையில். சுதந்திரம் வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் கிராணி நாற்காலியில், கூலி தரையில் என்பதை நான் ஒருமுறை சத்தமாகவே சொன்னேன். “தரையில இருந்தா குளிர்ச்சி தம்பி” என்றார் அவர். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

ஆங்கிலம் என்னைத் தவிர யாருக்கும் புரியாது, வீடும் நாற்காலியும் அவருடையவை, ஆகவே அவர்தான் தமிழில் சொல்வார். எப்படிச் சொல்வார் தெரியுமா? துரை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் நின்று கத்தியதையெல்லாம் ஆயுசு முழுக்கக் கூலிகளுக்குத் தமிழில் சொன்னவர் அவர். துரை ‘சோம்பேறி நாய்களா’ என்று ஆங்கிலத்தில் கத்தினால், ‘துரை உங்களை இன்னும் கொஞ்சம் கெதியாச் செய்யச் சொல்லுறார்’ என்று தமிழில் வரும். சனம் சத்தம் போடாமல் ரப்பர் பால் வெட்டப் போய்விடும். அதே தொழிலை இப்போது டெலிவிஷனுக்குச் செய்கிறார். கப்பல் கேப்டன் துரை, அவருக்கு அடுத்தவன் கிராணி, கீழே என்ஜின் அறையில் எண்ணெய்க் கையோடு நிற்கும் கிழவர் கூலி. கிரகங்களெல்லாம் தோட்டங்கள். அசுரன் மாதிரி யாராவது வந்தால் அது பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி மண்டோர். சண்டை எல்லாம் கடைசியில் ‘பேசித் தீர்த்துப்போட்டினம்’ என்று முடியும். திரையில் பாதி ஊர் எரிந்துகொண்டிருக்கும். சுதந்திர நேரத்தில் குடியுரிமை எழுத அதிகாரிகள் தோட்டத்துக்கு வந்தபோதும் இதே வாய்தான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தது. ‘அவசரம் இல்லையாம், பிறகும் எழுதலாமாம்’ என்றாராம். அப்பா பிறகு எழுதவில்லை. அந்தப் ‘பிறகு’தான் இப்போது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது.

இரண்டு வருடம் முன்னால் அந்தத் தொடரில் ஒரு கதை வந்தது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த கதை அதுதான். அப்பாவுக்கும் அதுதான் பிடித்தது, அங்கேதான் வினை. என்ஜின் கிழவர் சின்ன வயதில் விட்டு வந்த கிரகத்தின் பக்கமாகக் கப்பல் போகிறது. கேப்டன் அனுமதி கொடுக்கிறார், கிழவர் இறங்குகிறார். அன்றைக்குப் பார்த்து மலாக்காவில் நல்ல மழை, படம் கடைசியில் வெறும் புள்ளிகளாகப் போய்விட்டதாம். பொன்னுதுரை அசரவில்லை. புள்ளிகளைப் பார்த்தபடியே கதையை முடித்து வைத்தார்: கிழவருக்கு சர்வீஸ் முடிந்தது, துரை கையைக் குலுக்கி அனுப்பினார், ஊர்ச்சனம் ஓடிவந்து கட்டிப்பிடித்தது, கிழவர் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார், சுபம். நான் அந்த வாரம் வேலை தேடி ஜோகூர் பாருவில் இருந்தேன். ஒரு ரேடியோ கடை வாசலில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதே கதையைக் கடைசிவரை பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. அந்தக் கிரகத்தில் கிழவரை யாருக்கும் தெரியவில்லை. அவரைப் பிடித்து ஒரு கண்ணாடி அறையில் வைத்து வேடிக்கை பார்க்கிறார்கள், அவர் கண்ணாடியை அடித்து அடித்துக் கத்துகிறார், கப்பல் போய்விடுகிறது. டெலிவிஷனில் நான் பார்த்த ஒரே உண்மை அதுதான்.

பெர்மிட் போன நாளிலிருந்து அப்பா வாயில் என்ஜின் கிழவர்தான். “அவன் போவலியா? ஆகாசத்துலேருந்தே எறங்கிப் போனான். எனக்குத் தண்ணியில போறதுக்கு என்னா?” ஆறு வயதில் வந்தவர், அத்தான். அங்கே அவருக்கு இருப்பது ஒரு குளமும் ஒரு புளியமரமும். குளம் வற்றியிருக்கும், மரத்தை வெட்டியிருப்பார்கள், சொந்தக்காரர்கள் செத்திருப்பார்கள் என்று கணக்காகச் சொன்னேன். “நீ பாத்தியா?” என்றார். நான் பார்க்கவில்லை.

இந்த நிலையில் பேப்பரில் போட்டிருந்தார்கள், அதே கதை வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறது என்று. எனக்கு உயிர் வந்தது. அப்பாவை உட்காரவைத்து, முடிவை முழுதாகக் காட்டி, நானே வரிக்கு வரி தமிழில் சொல்லிவிட்டால் கப்பல் டிக்கெட் பேச்சு அன்றோடு முடியும் என்று கணக்குப் போட்டேன். முதலில் அப்பா வரமாட்டேன் என்றார், பார்த்த கதைதானே என்று. கெஞ்சி இழுத்துப் போனேன். போனால் டெலிவிஷன் மேல் பட்டுத்துணி மூடியிருக்கிறது. பொன்னுதுரையின் சம்சாரம் சிவகாமசுந்தரி அம்மா வெள்ளிக்கிழமை விளக்குப் பூசை முடியாமல் துணியை எடுக்கவிடமாட்டார்கள். உள்ளே கேப்டன் இங்கிலீஷ் பேசுவது துணிக்குள்ளிருந்து கேட்கிறது, வெளியே மணி அடிக்கிறது. கர்ப்பூரம் எல்லாருக்கும் வந்து போனபிறகு துணியை எடுத்தால் படம் இரண்டாகத் தெரிகிறது. அம்மா வழக்கம்போல வெளியே போய் ஏரியல் கம்பத்தைத் திருப்பினாள், பக்கத்து வீட்டுக் கோகிலா அக்கா ஜன்னலில் நின்று “இன்னும் கொஞ்சம் கோயில் பக்கம், போதும், போதும்னேன்ல, கைய எடுக்காதீங்க” என்று கத்தினாள். கையை எடுத்தால் படம் போய்விடுகிறது. ஆகவே அம்மா கம்பத்தைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றாள்.

“அங்கிள், இன்னைக்கு நான் சொல்றேன், நீங்க கேளுங்க” என்றேன் பொன்னுதுரையிடம்.

“ஏன் தம்பி, என்ர இங்கிலீசுக்கு என்ன குறை? துரைமாருக்கு முன்னால நிண்டு கதைச்ச வாய் இது.”

“அந்த வாயாலதான் பிரச்சனையே.”

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “சரி, நீயும் சொல்லு, நானும் சொல்லுறன். சனம் ஆரை நம்புதோ நம்பட்டும்.”

“ரெண்டு பேரும் பேசுனா நாங்க படத்தப் பாக்குறதா, ஒங்களப் பாக்குறதா?” என்றாள் கோகிலா அக்கா.

இருவரும் பேசினோம். அவர் ‘துரை’ என்றால் நான் ‘கேப்டன்’ என்பேன். அவர் ‘தோட்டம்’ என்றால் நான் ‘கிரகம்’ என்பேன். படம் வேறு என் மானத்தை வாங்கியது. நான் இரண்டு வருடமாக மனசில் வைத்துக் கும்பிட்ட கிரகத்தில் மலைகள் அட்டையால் செய்தவை. கிழவர் இடித்துக்கொண்டதும் ஒரு மலை ஆடியது. கப்பல் பறக்கும்போது மேலே கம்பி தெரிந்தது. “கம்பில தொங்குதுப்பா” என்றார் யாரோ. ‘அது சிக்னல்’ என்றேன். உண்மையை மட்டுமே பேசுவேன் என்று வந்தவன் நான்.

கடைசிக் காட்சி வந்தது. கண்ணாடி அறை. நான் எழுந்து நின்று அப்பாவைப் பார்த்துச் சொன்னேன், “பாருங்க, இதுதான் அவரோட ஊரு, இப்பக் கண்ணாடிய அடிப்பாரு, விடுங்கடான்னு கத்துவாரு.” கிழவர் அடிக்கவில்லை, அத்தான். கையை வைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். என்ஜின் அறையில் துடைப்பது மாதிரி, மூலை முடுக்கெல்லாம் நிதானமாக. கேப்டன் கதவைத் திறந்துவிட்டு, வா போகலாம் என்று கூப்பிடுகிறார். அது எனக்கு ஞாபகமே இல்லை. கிழவர் ஏதோ சொல்கிறார். இரண்டு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் முதல்முறையாக அந்த வார்த்தைகள் என் காதில் விழுகின்றன, அவை என் பக்கம் பேசவில்லை. அவசரத்தில், “சரி, கப்பலுக்கே வந்துடறேங்கறாரு, திரும்பிப் போறாரு” என்று சொல்லிவிட்டேன்.

“எங்கடா போறாரு? உக்காந்துல்ல இருக்காரு” என்றார் அப்பா.

பொன்னுதுரை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் ஆயுளில் முதல்முறையாக, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தார்: “அவர் சொல்லுறார்: கப்பலுக்கு வந்தால் எனக்கு வேலை இருக்கும். இங்க வேலையும் இல்ல, தெரிஞ்ச ஆக்களும் இல்ல. கண்ணாடிக்குள்ளதான் வச்சிருக்கினம். எண்டாலும் நீ எப்ப திரும்பிப் போவாய் எண்டு இங்க என்னை ஒருத்தரும் கேக்கேல்ல.”

அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கேட்டியாடா மருதா” என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியிலேயே ஒட்டுக்கடையில் நின்று யாரிடமோ கப்பல் எப்போது என்று விசாரித்தார். ஆயுசெல்லாம் பொய்யாக மொழிபெயர்த்து எங்கள் குடும்பத்தைக் கெடுத்த மனிதர், ஒரே ஒருமுறை உண்மையாக மொழிபெயர்த்து மிச்சத்தையும் கெடுத்துவிட்டார். உண்மை சொன்னால் சனம் விழித்துக்கொள்ளும் என்று மேடையில் பேசுகிறார்களே, அவர்களை ஒருநாள் இந்தக் கூடத்தில் தரையில் உட்கார வைக்கவேண்டும்.

ஆகவே அத்தான், இதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை. என் பேச்சு அவரிடம் செல்லாது. மருமகன் பேச்சு செல்லும். லீவு எடுத்துக்கொண்டு, அக்காவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு உடனே வாருங்கள். பேச்சு ஒன்றும் வேண்டாம், குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு நீங்கள் பேசாமல் பசியாறிக்கொண்டிருந்தால் போதும். பேரனைத் தூக்கி இறக்கிவிட்டுக் கப்பல் ஏற அவரால் முடியாது. முடிந்தால், அவர் போகட்டும்.

அக்காவுக்கு என் அன்பு, குழந்தைக்கு என் முத்தம். நம்பிக்கை இல்லாதவன் எழுதினாலும் பலிக்கும் என்று அப்பா சொல்வதால் எழுதுகிறேன்: மாரியம்மன் எல்லாரையும் இருக்கிற இடத்தில் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
மருதமுத்து

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், நம் வீட்டு வழக்கப்படி சத்தமாக வாசித்துக் காட்டினேன், அவரவர் விசாரிப்பைச் சேர்ப்பதற்காக. மடியில் பேரன் என்ற இடத்தில் அப்பா கையை நீட்டி என்னை நிறுத்தினார். “சரிடா, நான் போவல. அவங்கள அலைய விடாத” என்றார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் இத்தனை தாள் வீணாகியிருக்காது. கிழித்துப் போட எடுத்தேன். அப்போது அம்மா, “அவரு இருக்கட்டும். நான் போறேன்” என்றாள். எங்கே என்று கேட்டோம். “ஊர்ல எங்க அக்கா இருக்கா. நான் கண்ணாலத்துக்குக் கப்பல்ல இங்க வந்தப்ப, மூணு வருசத்துல திரும்பக் கூட்டிப் போயி காட்டுறேன்னாரு. அவருக்கு அங்க யாரு இருக்கா? எனக்கு இருக்கா. கேட்டீங்களா யாராச்சும்?” அம்மா கார்டும் சிவப்புத்தான், அத்தான். அது என் நினைவுக்கே வரவில்லை. அப்பா கோழிக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று கொல்லைப் பக்கம் போனவர் இன்னும் உள்ளே வரவில்லை. நீங்கள் வரவேண்டியதில்லை, சீதா அக்காவை மட்டும் அனுப்புங்கள். எந்த ஊர் என்று கேட்டேன், அம்மா சொன்னாள். பெற்ற தாயின் ஊர்ப்பெயர் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அக்காவுக்காவது முன்பே தெரியுமா என்று கேட்டு எழுதவும்.